அஞ்சலையக்காவின் சிரிப்பும் நான் தாண்டிய வரியும்

"எதுல கையெழுத்துப் போடணும்ங்கறீங்க?"

முழங்கால் சேற்றில் நின்றபடி அஞ்சலையக்கா கேட்டார். சேலைக்கு மேல் காலமான கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. இடது கையில் ஒரு நாற்றுக் கட்டு, ஊர்ப் பேச்சில் முடி. நான் வரப்பில் நின்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் கேமரா தொங்கியது.

"இதுலதான்க்கா. உங்க படத்தை வெளியில போடறதுக்கு உங்க சம்மதம் வேணும்."

அவ்வளவுதான். நட்டுக்கொண்டிருந்த பத்துப் பெண்களும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். மடையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாய், மரியாதையா ரோட்டுக்கு ஏறிடுங்க. ஜெராக்ஸ் கடைக்காரராச்சேன்னு பாக்குறேன். வேற எவனாச்சும்னா இந்த முடியாலயே சாத்தியிருப்பேன்."

ஏறினேன். ஏறாமல்? செருப்பைக்கூட வரப்பிலேயே விட்டுவிட்டு ஏறினேன்.

இன்றைக்கு யாராவது என் படத்தைப் பார்த்து "நல்லாருக்கே" என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மிரட்டல்தான். இந்த வாரப் பத்தி முழுவதையும் அவருக்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன். "ஊர் பேரைப் போடாதீங்க, என் பேரைப் போடுங்க" என்றார். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அவ்வளவு சொன்னால் போதும்.

முருங்கைக்காய்க்கு ஒரு ஸ்டுடியோ

சவூதியில் ஒரு கிடங்கில் பல வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு, முட்டிவலியோடும் இரண்டு கம்பளியோடும் ஒரு பழைய கேமராவோடும் ஊர் திரும்பியதைப் போன வாரங்களில் சொல்லிவிட்டேன். கேமராவை என் அறைத் தோழன் ஊருக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனான். மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை போட்டேன். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் ஓய்வு நேரம். அந்தக் காலத்தில் கரண்ட் இருந்த நேரத்தைச் சொல்வதுதான் சுலபம்.

அப்போதுதான் இந்த ஸ்டாக் போட்டோ விஷயம் கண்ணில் பட்டது. இன்டர்நெட்டில் ஒரு கடை மாதிரி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தான் எடுத்த படத்தை அதில் வைக்கலாம். விளம்பரம் செய்கிறவர், பாடப் புத்தகம் அச்சிடுகிறவர், காலண்டர் போடுகிறவர் தேடிப் பார்த்து வாங்கிக்கொள்வார். யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று படம் எடுத்தவனுக்குச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் அனுப்பிய பத்துப் படமும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தில் சூரிய அஸ்தமனம்: அஸ்தமனம் ஏற்கெனவே நிறைய இருக்கிறதாம். மாட்டுவண்டி: மூட்டையில் உர கம்பெனிப் பெயர் தெரிகிறதாம். தாராசுரம் போய் வெயிலில் காய்ந்து கல் தேர்ச் சக்கரத்தை எடுத்து அனுப்பினேன். கட்டடத்தின் உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். சோழனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

கோபத்தில் மவுஸைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு.

என் மனைவி ஜமீலாதான் வழி சொன்னாள். "வெளியில போனாத்தானே வம்பு? வீட்டுல இருக்கற சாமானை எடுங்க." கடையிலிருந்து வெள்ளை சார்ட் அட்டை, பிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாக்கோல், இரண்டு டியூப் லைட். அடுப்பங்கரை ஸ்டுடியோவானது. அதில் முதன்முதலாகத் தேறியது ஒரு முருங்கைக்காய். எங்கள் வீட்டில் அதற்காக அன்று பாயசம் வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? வைத்தார்கள். அந்த முருங்கைக்காய் அதே மதியம் சாம்பாரில் கிடந்தது.

பிறகு பூண்டு, பிளேடு, அலுமினிய டம்ளர், ஜமீலாவின் கை. கைக்கும் விரலுக்கும் பாஸ்மார்க் கிடைத்தது. "என் மூஞ்சிக்குத்தான் மார்க்கெட் இல்லை போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். முகம் தெரிந்தால் அந்த ஆளின் கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஒரு இங்கிலீஷ் படிவம் உண்டு.

மெல்ல மெல்லத் தொழில் பிடிபட்டது. படத்தில் ஒரு பக்கம் காலியாக விட வேண்டும். வாங்குகிறவர் அங்கே எழுத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பது தேடுசொல் எழுத வேண்டும். பூண்டுக்கு ஐம்பது சொல் எழுதிப் பாருங்கள், தெரியும். இருபதுக்கு மேல் நானும் ஜமீலாவும் வாய்க்கு வந்ததை எழுதுவோம். ஆரோக்கியம், குடும்பம், நம்பிக்கை, நாளை.

கையெழுத்துக்குப் பயந்த ஊர்

அஞ்சலையக்காவின் படத்தை அனுமதி கேட்காமல்தான் எடுத்தேன். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருஷம். தண்ணீர் வந்து சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண் ஏதோ சொல்ல, இவர் நாற்றுமுடியோடு நிமிர்ந்து சிரித்தார். இடது பக்கம் அவர். வலது பக்கம் முழுக்கக் காலி வானம். பட்டனை அமுக்கினேன். அப்படி ஒரு படம் எனக்கு அதற்கு முன்பும் அமையவில்லை, பின்பும் அமையவில்லை.

அந்த ஊரில் அப்போது சம்மதம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. நிலத்தடியில் எரிவாயு இருக்கிறது என்று ஒரு கம்பெனி வந்து வயல்களில் அடையாளக் கல் நட்டுக்கொண்டிருந்தது. மண் பரிசோதனை என்று சொல்லி நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அப்புறம் பார்த்தால் அது குழாய் பதிக்கச் சம்மதக் கடிதம். ஊரே கொதித்தது. இரண்டு கழகத்துக்காரர்களும் தனித்தனியாக வந்து, ஒரே மேடையில் ஏறாமல், ஆதரவு தந்துவிட்டுப் போனார்கள். சிட்டா, அடங்கல், ஆட்சேபனை மனு என்று கட்டுக் கட்டாக என் கடையில்தான் நகல் எடுத்தார்கள்.

அஞ்சலையக்காவுக்குக் கூடுதல் காரணமும் உண்டு. அவர் மாமனார் குத்தகைக்காரர். விதை நெல் கடனுக்கு என்று சொல்லி மிராசுதாரின் கணக்கப்பிள்ளை ஒரு தாளில் அவர் ரேகையை வாங்கினார். குத்தகையை விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கொடி பிடித்து, கோர்ட்டுக்கு நடந்து, இரண்டு தலைமுறை கழித்து அந்தக் குடும்பத்துக்கு மூன்று மா நிலம் மிஞ்சியது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அதற்காகவே அஞ்சலையக்கா கல்யாணத்துக்குப் பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஊரில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான்.

அவரிடம் போய் நான் தாளை நீட்டியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு மூளை பாருங்கள்.

விரல் நின்ற இடம்

ஒரு வாரம் பொறுத்து, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படத்தை வெகு நேரம் பார்த்தார். "பல்லு எல்லாம் தெரியுதே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் காப்பி வந்தது.

"சரி, அந்தத் தாளைக் குடுங்க. ஒவ்வொரு வரியா தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. எங்க மனுவெல்லாம் காசு வாங்காம நகல் எடுத்துக் குடுத்தவர், உங்களை நம்பாம யாரை நம்பறது?"

படித்தேன். என் பேர் இன்னது, வயது இன்னது, என்னைப் படம் எடுத்தது இன்னார். அவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தார். நாலாவது வரி: இந்தப் படத்தை எவரும், எந்த நோக்கத்துக்கும், எதனோடு சேர்த்தும், மாற்றியும் பயன்படுத்தலாம்.

அதை நான் படிக்கவில்லை. தாண்டி ஐந்தாவது வரிக்குப் போனேன். அவர் விரல் நாலாவது வரியிலேயே நின்றது. நான் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தானாகவே விரலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"எதுல போடுவாங்க?"

"பாடப் புத்தகம், காலண்டர், அந்த மாதிரிக்கா."

அவர் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். பொய் சொன்னேனா என்றால், இல்லை என்றுதான் அப்போது மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் படத்தின் மேல் அவ்வளவு ஆசை. அன்று மாலையே அனுப்பினேன். மறுநாளே தேறியது. ஐம்பது சொல் எழுத உட்கார்ந்தோம். விவசாயி, நெல், சிரிப்பு, பெண், சேறு. நாற்பத்தெட்டில் சரக்குத் தீர்ந்தது. வளர்ச்சி, எதிர்காலம் என்று இரண்டைச் சேர்த்து முடித்தேன்.

கண்ணாடி மேல் வைத்த நோட்டீஸ்

அடுத்த வருஷம் தை மாதம். அறுவடை நேரத்தில் மழை அடித்து, முற்றிய பயிர் சாய்ந்து கிடந்தது. ஒரு காலை நான் கடை ஷட்டரைத் தூக்கிய கையோடு அஞ்சலையக்கா வந்தார். வாங்கக்கா என்றேன். ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் ஒரு வழவழப்பான நோட்டீஸை வைத்தார்.

"இது யாரு பாய்?"

அவர்தான். சேறு, நாற்று, சிரிப்பு. நான் காலியாக விட்டிருந்த வானத்தில் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'என் மண்ணுக்கு அடியில் வளர்ச்சி. நான் சம்மதித்துவிட்டேன். நீங்கள்?' கீழே அந்த எரிவாயுக் கம்பெனியின் பெயர்.

தேடுசொல்லில் வளர்ச்சி என்று போட்டால் வளர்ச்சி விற்கிறவன்தானே வருவான்?

"ஊர் பூரா வீட்டுக்கு வீடு போட்டுட்டுப் போயிருக்கான். ஊரைக் கையெழுத்துப் போடாதேன்னு சொல்லிட்டு இவ போயி வித்துட்டு வந்துட்டாங்கறாங்க. எங்க அறுப்புக்கு யாரும் வரல. சாஞ்ச பயிருல மெஷினு எறங்காது. கையாலதான் அறுக்கணும். நானும் மருமகளும் ரெண்டு பேரும் எம்புட்டு அறுப்போம்? இன்னும் நாலு நாள் போனா நெல்லு கதிருலயே முளைச்சிடும் பாய்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உயரவே இல்லை.

"நான் வந்து ஊர்ல சொல்றேன்க்கா."

"என்னத்தைச் சொல்லுவீங்க?"

"அந்தத் தாள்ல ஒரு வரியை நான் உங்களுக்குப் படிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். கடையை மூடிவிட்டு இன்டர்நெட் படக்கடைக்காரர்களுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். படத்தில் இருப்பவரே பேசுவது போலப் பொய் வாக்கியம் போடக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருந்ததை அன்றுதான் படித்தேன். பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. புகாருக்கு நன்றியாம்.

மாரியம்மன் கோயில் வாசல்

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆட்சேபனைக் குழுவுக்குச் செயலாளர் செல்வராசு. அக்காவின் அடுத்த வயல்காரர். எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

"பாய், நேராவே கேக்குறேன். எவ்வளவு வாங்குனீங்க?"

சொன்னேன். ஒரு டீயும் வடையும் வாங்கினால் சில்லறை மிஞ்சாது என்பதையும் சொன்னேன். கூட்டம் சிரித்தது, நம்பவில்லை. ஸ்டாக் போட்டோ என்றால் என்ன என்று விளக்கினேன். முருங்கைக்காயிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவர் எழுந்து, "முருங்கைக்காய வித்துக்க, எங்க ஊர் பொம்பளைய எதுக்குய்யா வித்த?" என்றார். மவுஸை உடைத்த ரோஷத்தை அன்று அடக்கிக்கொண்டேன்.

படிவத்தை எடுத்தேன். முதல் வரியிலிருந்து சத்தமாகத் தமிழில் படித்தேன். நாலாவது வரியையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

"இந்த வரியை அன்னிக்கு அக்காவுக்கு நான் சொல்லல. அவங்க விரல் அதே வரியில இருந்துச்சு. நான் தாண்டிட்டேன்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அஞ்சலையக்கா சொன்னார்: "அதைப் படிச்சிருந்தா நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா. அதனாலதான் படிக்கல."

வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு அசிங்கப்பட்டது கிடையாது. அதே சமயம் இத்தனை மாதமாக நெஞ்சில் உறுத்தியது இறங்கிப் போனது. அவமானம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

செல்வராசு படிவத்தை வாங்கிப் புரட்டினார். "நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை இருக்கு. கம்பெனிக்காரன் இந்த நோட்டீஸைத்தான் காட்டுவான். அங்க வந்து இதையே சொல்லுவீங்களா பாய்?"

"சொல்றேன்."

"அவரு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அஞ்சலையக்கா. "எனக்கு வாய் இருக்கு."

செல்வராசு சரி என்று படிவத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் கூட்டம் கலைந்தபோது அவர் பக்கத்தில் போய் யாரும் நிற்கவில்லை.

தாலுகா ஆபீஸ்

தாசில்தார் ஒரு பெண். மேசையில் பச்சை விரிப்பு. ஒரு பக்கம் கம்பெனி அதிகாரி, எதிரே ஊர்க்காரர்கள் முப்பது பேர். நான் கதவோரம் நின்றேன். எதிர்பார்த்தபடியே அதிகாரி நோட்டீஸை எடுத்து வைத்தார். "மேடம், அந்த ஊர் மக்களே விரும்புறாங்க. சிலர் தூண்டிவிடறாங்க, அவ்வளவுதான்."

அஞ்சலையக்கா எழுந்து போனார். யாரையும் கேட்கவில்லை. மேசை மேலிருந்த நோட்டீஸை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"பாத்துக்குங்கம்மா. இது நான்தான்."

அதிகாரி அவரைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார், பிறகு தன் பேனாவைப் பார்த்தார். பாவம், அந்த முகத்துக்கு ஒரு ஊரும் உயிரும் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கம்பெனிக்கு நோட்டீஸ் செய்து கொடுத்தவர் எங்கேயோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து வாங்கிய படம்.

"சிரிச்சது நெஜம். தண்ணி வந்துச்சு, நடவு நட்டேன், சிரிச்சேன். இதுல எழுதியிருக்கறதை நான் சொல்லல. நான் சொல்றதை இப்ப எழுதிக்குங்க. பேரு அஞ்சலை. மூணு மா நஞ்சை. சம்மதமில்ல."

தாசில்தார் நோட்டீஸை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த எழுத்தரிடம், "அவங்க சொன்னதை அப்படியே எழுதுங்க" என்றார். எழுதியதை வாங்கி அக்கா முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் திருத்தச் சொன்னார். திருத்திய பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்து செல்வராசு எழுந்தார். "என் பேரையும் எழுதுங்கம்மா." அப்புறம் நாற்காலிகள் நகர்கிற சத்தம்தான். முப்பது பேரும் வரிசையில் நின்றார்கள். எழுத்தருக்குத் தாள் தீர்ந்துபோய், என்னைக் கடைக்கு ஓடச் சொன்னார்கள். முட்டிவலியோடு ஓடினேன்.

அந்த ஊர் வயல்களில் மறுபடியும் கல் நட யாரும் வரவில்லை. விவகாரம் முடிந்தது என்று எந்த உத்தரவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் இன்னும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

தலைச்சுமை

அன்று ராத்திரி செல்வராசு போன் செய்தார். "பாய், அக்கா உங்களை நாளைக்கு வெள்ளென வயலுக்கு வரச் சொல்லுது."

எதற்கு என்று சொல்லவில்லை. ஜமீலாவிடம் சொன்னேன். "திட்டக் கூப்பிட்டாலும் போங்க" என்றாள்.

போனேன். பனி இன்னும் விலகவில்லை. வயலில் அக்காவோடு பத்துப் பெண்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடவன்று என்னை முறைத்த அதே பெண்கள், இரண்டு நாள் முன்பு வரை அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாதவர்கள். அரிவாள் சரக் சரக்கென்று ஓடியது. மூன்று மாவில் ஒரு பாதி ஏற்கெனவே விழுந்திருந்தது. நெல் முளைக்கவில்லை. கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல முத்து முத்தான நெல்.

அஞ்சலையக்கா நிமிர்ந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"வாங்க. கட்டுத் தூக்க ஆம்பளை ஆள் பத்தல. சட்டையைக் கழட்டி வெச்சிட்டு எறங்குங்க."

மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்று வரையும் சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஈரக் கதிர்க்கட்டு என்ன கனம் கனக்கும் என்று கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. அவரே ஒரு பக்கம் பிடித்து என் தலையில் ஏற்றிவிட்டார்.

இரண்டாவது கட்டுக்கே கால் பின்னியது. வரப்பு வழுக்கி, கட்டோடு வாய்க்காலில் உட்கார்ந்தேன். பத்துப் பேரும் அரிவாளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். செல்வராசு கை கொடுக்க ஓடி வந்தார். எல்லாருக்கும் மேலாக அஞ்சலையக்காவின் குரல் கேட்டது.

"நம்ம ஜெராக்ஸ் பாயை யாரும் சிரிக்காதீங்கடி! பாய், எந்திரிங்க, நெல்லு நனையுது!"

எழுந்தேன். நம்ம என்றாரே, அது போதும் எனக்கு.